எண் தெரியப் பிடித்த டேப்

என் அண்ணியைப் பற்றி வேறு யாரையாவது எழுதச் சொன்னால் நல்லதாகத்தான் எழுதுவார்கள். இருபத்தாறு வருஷம் பிரசவ வார்டில் நின்ற கால், எத்தனையோ குழந்தைகளை முதலில் ஏந்திய கை என்று ஆரம்பித்து, தாய், தெய்வம் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. அவர் செய்த ஒரு தப்பு என் மகளின் வலது கையில் இருக்கிறது. அந்தத் தப்பை யாரும் கேட்காமலே அவரே வாயைத் திறந்து சொன்னார். சொன்ன பிறகு என் வீட்டில் அவருக்கு இடம் உண்டா இல்லையா என்பதற்குப் பன்னிரண்டு வருஷம் எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸ். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் மருமகளாக வந்தபோது நான் தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணியும் நாத்தனாரும் எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று காத்திருந்த சொந்தக்காரர்களுக்கு மூக்கு உடைந்ததுதான் மிச்சம். நாங்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு அண்ணனைத்தான் ஓட்டுவோம். என்னை அவர் 'பார்சல்' என்று கூப்பிடுவார். அவருக்கு வார்டில் வைத்த பெயர் 'தராசு'.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கும் பெண்ணின் வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கண்ணை மூடி, மேலே ஒரு அழுத்து, பக்கவாட்டில் ஒரு தடவல், கீழே ஒரு பிடி. "மூணு கிலோ நூறு" என்பார். பிறந்த குழந்தையைத் தட்டில் வைத்தால் மூன்று கிலோ நூற்றைம்பது காட்டும். நர்சுகள் உட்காரும் அறையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால் டாக்டர் முதல் ஆயா வரை ஆளுக்கொரு எடை எழுதி வைப்பார்கள். ரொம்பத் தள்ளிப் போனவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். அண்ணி ஒரு தடவைகூட டீ வாங்கியதில்லை என்று என் அண்ணன் ஊரெல்லாம் பெருமை பேசுவான்.

ஆனால் எடையை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது பேசினால் அண்ணிக்குப் பொத்துக்கொண்டு வரும். "குழந்தை பெரிசாமே, அப்போ ஆபரேஷன்தானா?" என்று எங்கள் பெரியம்மா ஒரு தடவை கேட்டுவிட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பெரியம்மா, வீடு மாத்தும்போது பீரோவை வாசல் வழியா எடுக்கறோம் இல்ல? பீரோ எவ்வளவு பெரிசுன்னு மட்டும் பார்த்தா போதுமா? வாசல் எவ்வளவு அகலம், பீரோவை எந்தப் பக்கம் திருப்பறோம், தள்ளறவனுக்கு எவ்வளவு தெம்பு, எல்லாம் இருக்கு. நாலு கிலோ குழந்தை சுலபமா வந்திருக்கு. ரெண்டரை கிலோ குழந்தை முகத்தை மேல பார்த்துக்கிட்டு அரை நாள் படுத்தி எடுத்திருக்கு. அம்மாவோட இடுப்பெலும்பு, குழந்தையோட தலை திரும்பியிருக்கற விதம், வலி விட்டு விட்டு வர்ற பலம், இதையெல்லாம் பார்க்காம ஒரு நம்பரை வச்சுக்கிட்டு பேசாதீங்க."

"நம்ம வீட்டு பீரோவை நாலு பேர் சேர்ந்தும் திருப்ப முடியலையே" என்றான் அண்ணன். "அதுக்கு ஆபரேஷன்தான்" என்றேன் நான். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. முப்பத்தைந்தாவது வயதில் உண்டானேன். பரிசோதனை முடிவை என் வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் படித்தார். அண்ணிதான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், உடனே அதிகாரம் செய்ய ஆரம்பித்தார். என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும், எதைத் தூக்கக் கூடாது. "இத்தனை வருஷம் பார்சல் வாங்கினே, இப்போ உனக்கே ஒரு பார்சல் வந்திருக்கு, பத்திரம்" என்றார்.

இங்கே என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆறாம் மாதத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பாதி டம்ளரிலேயே வயிற்றைப் புரட்டி, ஆய்வகத்துத் தரையெல்லாம் வாந்தி எடுத்தேன். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். "செத்தாலும் அந்தக் கண்றாவியை இனி குடிக்க மாட்டேன்" என்று அண்ணியிடம் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்திருப்பார். என்னிடம் மட்டும், "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

இரண்டாவது, வரிசை. "வேலை நேரம் முழுக்க அடுத்தவங்க வரிசையப் பார்க்கறவ நான். லீவு போட்டு வந்து இங்கேயும் வரிசையில நிக்கணுமா?" என்று முரண்டு பிடித்தேன். அண்ணி எனக்காக வளைந்து கொடுத்தார். கடைசி இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து, குழந்தையின் துடிப்பைக் கேட்டு, டேப்பால் வயிற்றை அளந்து, என் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருத்துவமனையில் அண்ணியின் கையெழுத்துக்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. தராசு பார்த்தால் பார்த்ததுதான்.

வயிற்றை டேப்பால் அளப்பதில் ஒரு முறை உண்டு. அடிவயிற்றின் எலும்பிலிருந்து கருப்பையின் மேல் முனை வரை அளப்பார்கள். பாதி மாதங்களுக்குப் பிறகு எத்தனை வாரமோ கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் போனால் ஏன் என்று பார்க்க வேண்டும். முக்கியமான விஷயம், டேப்பின் எண் பக்கம் வயிற்றில் படிந்திருக்க வேண்டும், வெறும் பக்கம் மேலே தெரிய வேண்டும். முனையில் கட்டைவிரலை வைத்துப் பிடித்து, பிறகு டேப்பைத் திருப்பி எண்ணைப் படிக்க வேண்டும். புதிதாக வந்த நர்ஸ் யாராவது எண் தெரியும்படி பிடித்தால் அண்ணி டேப்பையே பிடுங்கிவிடுவாராம். "இது எத்தனையாவது வாரம்னு உனக்குத் தெரியும். நம்பர் கண்ணுல பட்டா உன் விரல் தானா அங்க போய் நிக்கும். கண்ணு பொய் சொல்லாது, ஆனா ஆசைப்படும்" என்பாராம்.

முப்பத்தேழாவது வாரம், ஞாயிறு காலை. நான் கட்டிலில் படுத்திருந்தேன். அடுத்த அறையில் என் வீட்டுக்காரரும் அண்ணனும் மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு திருகாணியைக் காணோம். "உங்க புருஷன் முழுங்கியிருப்பார், வயித்தை அளந்து பாருங்க" என்றேன். அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே என் வயிற்றில் டேப்பை வைத்தார். டேப்பின் எண்கள் எனக்குத் தெரிந்தன. எனக்கு என்ன தெரியும்? தெரிந்தால் தெரியட்டும் என்று படுத்திருந்தேன். "முப்பத்தேழு! கணக்கு தப்பாம வளருது" என்றார். உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இப்போ மூணு இருக்கும். பொறக்கும்போது மூணேகால், மிஞ்சினா மூணரை" என்றார். அட்டையில் முப்பத்தேழு என்று எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் வலி எடுத்தது. எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருந்தேன். அன்று அண்ணிக்குக் காலை டூட்டி. வெள்ளைப் பலகையில் எல்லோரும் எழுதினார்கள். அண்ணி மூன்று கிலோ முந்நூறு என்று எழுத, மற்றவர்களும் அதை ஒட்டியே எழுதினார்களாம். என்னைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கிவிட்ட ஆயா மட்டும் நாலு கிலோ இருநூறு என்று எழுதச் சொன்னாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

கருப்பை வாய் முழுதாகத் திறந்த பிறகும் தலை இறங்க ரொம்ப நேரம் ஆனது. முக்கி முக்கி எனக்குக் கண் இருட்டியது. அண்ணி என் முகத்தைத் துடைத்து, "இன்னும் கொஞ்சம், என் ராசாத்தி, இன்னும் கொஞ்சம்" என்றார். பிறகு எங்கோ பிளந்தது போல ஒரு வலி. "தலை வந்துடுச்சு" என்றார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. வெளியே வந்த தலை, ஆமை தலையை இழுத்துக்கொள்வது போல, திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு ஒட்டி நின்றது. இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. எனக்கு அப்போது தெரிந்தது அண்ணியின் குரல் மட்டும்தான். அந்தக் குரலில் நான் அவர் பேசிக் கேட்டதே இல்லை.

"தோள் மாட்டியிருக்கு. டாக்டரைக் கூப்பிடு. மணியைப் பார்த்து நிமிஷம் சொல்லு. நீ முக்காதே, முக்கவே கூடாது!"

அறைக்குள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் என் கால்களை மடக்கி முட்டியை வயிற்றோடு அழுத்தினார்கள். ஒருத்தி என் அடிவயிற்று எலும்புக்கு மேலே உள்ளங்கையை ஊன்றி அழுத்தினாள். யாரோ, "ஒரு நிமிஷம்" என்றார்கள். "ரெண்டு" என்றார்கள். குழந்தையின் தலை என் உடம்புக்கு வெளியே, உடம்பு உள்ளே. அழவில்லை, மூச்சில்லை. "மூணு" என்றபோது அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. டாக்டர் அம்மா கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணி கையை உள்ளே விட்டு, பின்பக்கம் இருந்த கையைத் தேடிப் பிடித்து மெல்ல வெளியே கொண்டுவந்தார். அதன் பிறகு உடம்பு வந்தது. நாலு நிமிஷம். அது நாலு நிமிஷம் என்று இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

குழந்தை நீலமாக இருந்தாள். அவளை மூலையில் இருந்த மேசைக்குக் கொண்டுபோனார்கள். நான் கத்திக்கொண்டே இருந்தேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. பிறகு ஒரு இருமல், அதற்குப் பிறகு அழுகை. அண்ணி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எடை நாலு கிலோ நானூறு. அதனால்தான் அவளுக்கு வீட்டில் 'குண்டு' என்று பெயர்.

மறுநாள் குண்டுவின் வலது கை அசையவில்லை என்று தெரிந்தது. இடது கை முஷ்டி மடக்கி ஆட்டுகிறது, வலது கை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடங்கித் தொங்குகிறது. குழந்தைகள் டாக்டர் வந்து பார்த்தார். மாட்டிக்கொண்ட தோளின் பக்கம் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டிருக்கின்றன என்றார். "நிறையக் குழந்தைகளுக்குத் தானா சரியாயிடும். மூணு மாசத்துக்குள்ள முழங்கையை மடக்கினா நல்ல அறிகுறி. மடக்கலேன்னா நரம்பு ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்."

அந்த இரண்டு நாளும் வார்டு முழுக்க அண்ணியின் புராணம்தான். அவர் இல்லையென்றால் குழந்தையே கிடையாது என்றார்கள். என் வீட்டுக்காரர் அவர் காலில் விழப் போனார். நானும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பகல், நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து நின்றார். உட்காரவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை டேப்பை நம்பர் தெரியற மாதிரி பிடிச்சேன். முப்பத்தேழுன்னு நானே முடிவு பண்ணிட்டுத்தான் பார்த்தேன். நேத்து உட்கார்ந்து உன் அட்டையை முழுசா பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் வாரத்துக்கு என்ன நம்பரோ அதையே எழுதியிருக்கேன். ஒரு சென்டிமீட்டர்கூட மாறலை. அப்படி எந்த வயிறும் வளராது. உண்மையா அளந்திருந்தா நாப்பது, நாப்பத்தொண்ணு வந்திருக்கும். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். சர்க்கரை இருந்தா குழந்தை பெருக்கும், அதையும் பார்த்திருப்போம். உன்கிட்ட ஆபரேஷன் பத்தியாவது பேசியிருப்போம். நான் பார்க்கலை."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் குனிந்து பார்த்தேன். என் மடியில் அந்தக் கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் பதின்மூன்று வருஷமாக அண்ணியை 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன்.

"போ வெளியே" என்றேன். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

அண்ணி போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மருத்துவமனையில் கூட்டம். சிக்கலான பிரசவங்களைப் பற்றி மாதம் ஒரு தடவை கூடிப் பேசுவார்கள். நடந்ததை அண்ணன் வந்து சொன்னான். பெரிய டாக்டர் அம்மா கோப்பைப் படித்துவிட்டு, தோள் மாட்டுவதை யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி சாதாரண எடைக் குழந்தைகளுக்குத்தான் நடக்கிறது, ஸ்கேனே அரைக் கிலோ தப்பாகச் சொல்லும், வார்டு நன்றாகச் சமாளித்தது என்று மூடப் போனார். அண்ணி எழுந்து நின்று, என்னிடம் சொன்னதை அங்கேயும் சொல்லியிருக்கிறார். உட்காரச் சொன்னார்களாம். "முன்கூட்டி சொல்ல முடியாதுங்கறது உண்மைதான் மேடம். ஆனா பார்க்காம இருந்ததுக்கு அது பதில் இல்லை. அட்டையில இருக்கற நம்பர் எல்லாம் பொய். கோப்புல எழுதிக்கங்க" என்றாராம்.

எழுதிக்கொண்டார்கள். அண்ணியைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்து ஒரு வருஷம் ஊசி போடும் அறையில் வைத்தார்கள். வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். தராசு என்று அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

"எதுக்கு அவ வாயைத் திறந்தா? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்று அண்ணன் என் முன்னால் உட்கார்ந்து அழுதான். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் ஒரு பங்கு என்றால், என் மேல் இருந்தது இரண்டு பங்கு. அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்றவள் யார்? வரிசையில் நிற்க மாட்டேன் என்றவள் யார்? இதை நான் வாய்விட்டுச் சொன்னால் அண்ணியின் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லாமல் போய்விடும். அதனால் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். துணி மாற்றும் ஒவ்வொரு தடவையும் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். மூட்டு இறுகிவிடக் கூடாது. பயிற்சி சொல்லித்தரும் பெண் செய்து காட்டினாள், சுலபமாகத்தான் இருந்தது. வீட்டில் நான் தொட்டதும் குண்டு வீறிட்டாள். நான் கையை எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே வரமாட்டார், உடைந்துவிடும் என்று பயம். ஒரு நாளைக்கு எட்டு தடவை செய்ய வேண்டியதை இரண்டு தடவை செய்தேன். ஐந்து வாரம் ஆகியும் கை அப்படியே தொங்கியது. எட்டாவது வாரத்தில் தோள் இறுகுவது போல எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அவங்களை வரச் சொல்லு. கைக்கு மட்டும்."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார், கையைக் கழுவினார், குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டார். அந்த உள்ளங்கையைத் தோளுக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் முழங்கையைப் பிடித்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். குண்டு அழவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, போன உயிர் திரும்பி வந்தது போலவும் இருந்தது. முடிந்ததும் எழுந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.

காலையில் டூட்டிக்கு முன், மதியம் சாப்பாட்டு நேரத்தில், மாலையில் இரண்டு தடவை. மற்ற நேரத்துக்கு என் கையைத் தன் கைக்குள் வைத்து எனக்கே பழக்கிவிட்டார். பேச்சு என்றால், "தூக்கு", "போதும்", "இந்தப் பக்கம்" அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீர்கூட என் வீட்டில் குடித்ததில்லை.

பதினோராவது வாரம் ஒரு மதியம். குண்டு மல்லாந்து படுத்திருந்தாள். வலது முழங்கை மெல்ல மெல்ல, தரையிலிருந்து மூன்று விரற்கடை எழுந்து, விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். திரும்பவும் எழுந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே ஓடினார். நான் பின்னால் போயிருக்கலாம். போகவில்லை.

மூன்று மாதப் பரிசோதனையில் டாக்டர், "ஆபரேஷன் வேண்டாம், அருமையா வந்திருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் கைகூப்பினார். அண்ணி மட்டும், "தோளைத் தூக்கலை சார், அதையும் எழுதிக்கங்க" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். அது பிறகும் முழுதாக வரவில்லை. இன்றைக்கும் குண்டுவின் வலது கை தோள் மட்டத்துக்கு மேல் போகாது. எழுதுவாள், சாப்பிடுவாள், சைக்கிள் ஓட்டுவாள். பின்னந்தலைக்குக் கை எட்டாது, அதனால் தலை பின்னிக்கொள்ள முடியாது.

அதற்கும் அண்ணிதான் வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு வார்டில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எண் அச்சடிக்காத வெறும் நாடாவால் அளந்து, பிறகு அளவுகோலில் வைத்துப் பார்ப்பதை அங்கே வழக்கமாக்கினார் என்று கேள்விப்பட்டேன். காலையில் டூட்டிக்குப் போகும் வழியில் ஏழேகாலுக்கு என் வீட்டுக்கு வருவார். குண்டுவுக்கு இடுப்பு வரை தலைமுடி. நின்றபடியே வாரி, இரண்டாகப் பிரித்துப் பின்னி, நாடா கட்டிவிட்டு, "வரேன்டா" என்று கிளம்புவார். எனக்கே பின்னத் தெரியும். ஆனாலும் தடுக்கவில்லை. கோபம் என்றைக்கோ ஆறிப் போயிருந்தது. ஆறிய பிறகு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. வாசல் வரை வந்த வார்த்தை ஒவ்வொரு நாளும் அப்படியே திரும்பிப் போனது.

போன மாதம் ஒரு காலை. குண்டுவுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அத்தை, என் கை ஏன் இப்படி ஆச்சு? அம்மாவைக் கேட்டா பொறக்கும்போதே அப்படித்தான்ங்கறாங்க. எப்படி அப்படி?"

"ஸ்கூலுக்கு நேரமாச்சு, பேச்சைக் குறை" என்று நான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன்.

அண்ணி பின்னுவதை நிறுத்தவில்லை. "நீ வயித்துல பெரிசா வளர்ந்திருந்தே. அதை நான் அளந்து கண்டுபிடிச்சிருக்கணும். சரியா அளக்காமலே அளந்ததா எழுதிட்டேன். வெளிய வரும்போது உன் தோள் மாட்டிக்கிச்சு, நரம்பு இழுபட்டுச்சு. என் தப்பு அது."

குண்டு கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். "அதனாலதான் தினமும் வந்து தலை பின்னி விடறீங்களா?"

அண்ணியின் கை நின்றது. அவருக்கு ஒரு பொய் சொல்லியிருக்கத் தெரியாதா? "ஆமா" என்றார்.

குண்டு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வாய்க்குப் பூட்டே கிடையாதா? சின்னப் பிள்ளைகிட்டச் சொல்ற விஷயமா இது?" என்று கத்தினேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் அவரிடம் சேர்ந்தாற்போல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"கை அவளோடது" என்றார் அண்ணி. "அவகிட்ட மறைக்க நீ யாரு, நான் யாரு?"

அன்று மாலை அப்பாவோடு வெளியே போன குண்டு கழுத்துக்கு மேலே முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றாள். "யாரைக் கேட்டு வெட்டினே?" என்றேன். "எனக்குத்தானே தலை, நான்தானே கேட்டேன்" என்றாள். என் வீட்டுக்காரர் என் கண்ணைப் பார்க்காமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

மறுநாள் ஏழேகால். அண்ணி உள்ளே வந்தார், குண்டுவைப் பார்த்தார், அப்படியே நின்றார். அந்த முகத்தை நான் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், நான் 'போ வெளியே' என்ற அன்றைக்கு.

"ஏன்டா?" என்றார்.

குண்டு இடது கையால் சீப்பை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்து நாலே இழுப்பில் வாரி முடித்தாள். "இதை நானே வாரிக்குவேன். இனிமே நீங்க பின்ன வேண்டாம்."

"சரிடா" என்றார் அண்ணி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பில் கால் நுழையாமல் தடுமாறினார்.

"எங்க போறீங்க?" என்று குண்டு போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்க டூட்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. உட்காருங்க. இனிமே சும்மா வாங்க அத்தை."

அது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.